பின்படிக்கட்டில் பச்சைச் சேலை

அந்த விடுதியில் வேலை பார்த்தவர்கள் உருப்படியாகக் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்றுதான். அது பொய்.

மற்ற பாடங்கள் எல்லாம் உண்மை. தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது, சிலிண்டரை எந்தப் பக்கம் திருகி மூடுவது, புகை வந்தால் எந்த வழியாக வெளியேறுவது. இவற்றில் ஒன்றும் ஒருவர் தலையிலும் ஏறவில்லை. தையல்நாயகியின் கதை மட்டும் ஏறியது. ஏறியதை இறக்குவதற்குள் இனியவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இனியவன் சுப்பராயனின் விடுதிகளில் ஊழியர் பயிற்சியைப் பார்த்துக்கொள்பவன். புதுச்சேரி நகரத்துக்குள், தமிழர் தெரு ஒன்றில், பழைய மாடிவீட்டைப் புதுப்பித்துக் கட்டிய விடுதி ஒன்று. நோணாங்குப்பத்தில் படகுத்துறைக்குப் பக்கத்தில் இன்னொன்று. சுற்றுலா மேலாண்மை படித்தவன். முப்பது தாண்டியிருந்தான். மனைவி சத்யப்பிரியா போன வருஷம் ஆடியில் காய்ச்சலில் இறந்துபோனாள். அதைப் பற்றி அவன் பேசுவதில்லை. கேட்டவர்களிடம் "ஆமா" என்பான். அதோடு சரி.

அவள் இருந்தவரை பயிற்சி வேறு மாதிரி நடந்தது. விடுதியின் பின்பக்கத்தில் ஒரு தகர டிரம். அதில் பழைய துணியைப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவான். ஒவ்வொருவராக வந்து தீயணைப்பானின் ஊசியைப் பிடுங்கி, குழாயைத் தீயின் அடிக்குக் காட்டி அணைக்க வேண்டும். கத்துவான். திட்டுவான். சமையல்காரர் கமலக்கண்ணன் ஒருமுறை பதற்றத்தில் குழாயை இவன் பக்கம் திருப்பிவிட்டார். தலை முதல் கால் வரை வெள்ளைப் பொடி. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

கருமாதி முடிந்து வேலைக்கு வந்தபோது சுப்பராயன் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பிரான்சில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஊழியர்கள் அவரைப் பிரெஞ்சு முறையில் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். இனிமேல் கத்திக்கொண்டு நிற்க வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். பாரீஸிலிருந்து அவருடைய மருமகன் ஒரு மென்பொருளைச் சொல்லியிருந்தான். விடுதியின் படங்கள் நாலைக் கொடுத்து, இரண்டு வரி சொன்னால் போதும். பாடம் எழுதும், படம் வரையும், தமிழில் வாசித்துக் காட்டும், கேள்வியும் கேட்கும். தினமும் காலையில் ஊழியர்களின் போனுக்குப் போய்விடும். சரியாகப் பதில் சொன்னால் மதிப்பெண். மாதக் கடைசியில் முதலாவதாக வந்தவருக்குப் பரிசு.

இனியவன் தலையாட்டினான். அந்த நாட்களில் எதைச் சொன்னாலும் தலையாட்டினான்.

பாடங்கள் மளமளவென்று வந்து விழுந்தன. முன்பு ஒரு பாடத்துக்கு ஒரு வாரம் அலைவான். சமையலறையில் நின்று பார்ப்பான், படம் எடுப்பான், எழுதுவான், அடிப்பான். இப்போது டீ ஆறுவதற்குள் பாடம் வந்துவிட்டது. அவன் வேலை, வந்ததைப் பார்த்து 'வெளியிடு' என்ற இடத்தில் விரலை வைப்பது.

'விருந்தினருக்குச் சொல்ல வேண்டிய வீட்டின் வரலாறு' என்று ஒரு பாடம் வேண்டும் என்றார் சுப்பராயன். வீட்டின் வரலாறு யாருக்கும் தெரியாது. அவர் வாங்கும்போது அது வெங்காய மண்டி. அதற்கு முன்னால் பூட்டிக் கிடந்ததாம்.

"வெங்காய மண்டின்னு போட்டா எவன் தங்குவான்? கொஞ்சம் காதல், கொஞ்சம் சோகம். அலோர், அது போதும்" என்றார். 'சரி, அப்புறம்' என்பதற்கு அவர் வாயில் ஒட்டிக்கொண்ட பிரெஞ்சு அது.

இனியவன் அதையே தட்டினான். பழைய வீடு, கொஞ்சம் காதல், கொஞ்சம் சோகம். தீ வெளியேற்றப் பாடத்துக்காக முன்பு ஏற்றி வைத்திருந்த பின்படிக்கட்டின் படம் உள்ளே கிடந்தது. மென்பொருள் அதை எடுத்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாசி ஒருவர் கப்பலேறிப் போனார். அவருடைய இளம் மனைவி தையல்நாயகி தினமும் மாலை பின்படிக்கட்டின் ஏழாம் படியில் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்தாள். கப்பல் கரைக்கு வருவதற்கு முந்தின நாள் காய்ச்சலில் இறந்துபோனாள். கூடவே ஒரு படம். பச்சைப் பட்டு, கையில் விளக்கு, பெரிய கண்கள். முந்தானை இடது தோளில் விழாமல் வலது தோளில் விழுந்திருந்தது.

இனியவன் முழுக்க வாசித்தான். இளம் மனைவி, காய்ச்சல் என்று இருந்தது. அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. விரலை வைத்தான்.

*

சுப்பராயனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுப் பின்படிக்கட்டின் மேல்முனையில் மாட்டினார். மறுநாள் முதல் காலைக் கேள்விகளில் தையல்நாயகி தவறாமல் வந்தாள். எந்தப் படியில் விளக்கு வைத்தாள்? மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. என்ன நிறச் சேலை? எதற்காகக் காத்திருந்தாள்?

அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்களுக்குத் தலைவி செல்வாம்பாள். வில்லியனூர் பக்கத்துக்காரி. மகனுக்கும் மகளுக்கும் கல்யாணம் முடித்தவள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். தையல்நாயகி கேள்வியில் மட்டும் அவள் ஒருநாளும் தவறியதில்லை. அவளுக்குக் கீழே வேலை செய்யும் ரஞ்சிதம் சின்னப் பெண், வாயாடி. தீயணைப்பான் கேள்வி வந்தால், கேள்வியைப் படம் பிடித்துப் போனில் இருக்கும் இன்னொரு செயலியிடம் கொடுத்துவிடுவாள். அது சொல்லும் பதிலை இதில் அழுத்துவாள். முழு மதிப்பெண். ஒரு இயந்திரம் கேட்க, இன்னொரு இயந்திரம் பதில் சொல்ல, நடுவில் ரஞ்சிதத்துக்குப் பரிசாக ஒரு குக்கர் கிடைத்தது.

இனியவன் அறிக்கையைப் பார்ப்பான். எல்லாருக்கும் தொண்ணூறுக்கு மேல். அதையும் முசேவுக்கு அனுப்புவான்.

முதலில் ஏழாம் படியில் மஞ்சள் பொட்டு வந்தது. குங்குமமும் வந்தது. படத்துக்கு மல்லிகைச் சரம் போட்டார்கள். வலது தோள் முந்தானையைப் பற்றி யாரோ கேட்டதற்கு, அந்தக் காலத்தில் அப்படித்தான் கட்டுவார்கள் என்று செல்வாம்பாள் விளக்கம் சொன்னாளாம். இனியவன் கேள்விப்பட்டான். விட்டுவிட்டான். வெள்ளிக்கிழமைகளில் மாலை விளக்கு வைத்தார்கள். அதையும் விட்டுவிட்டான். ஒருநாள் மேலே போனபோது படிக்கட்டின் திருப்பத்தில் மஞ்சள் துணி சுற்றிய குடம் ஒன்று இருந்தது. அதன் மேல் மடிப்புக் கலையாத பச்சைச் சேலை. எல்லாரும் சேர்ந்து வாங்கியிருந்தார்கள்.

அது என்ன என்று அவன் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவன் வீடு உழவர்கரை. அப்பா காலம்வரை பயிர் வைத்த குடும்பம். சுமங்கலியாகப் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்பார்கள். வருஷம் திரும்பியதும் நீர்த்துறையிலிருந்து குடத்தில் அவளை அழைத்துவந்து, புதுச் சேலை வைத்துப் படைப்பார்கள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுச் சாமி. சத்யப்பிரியாவுக்கு அதைச் செய்ய வேண்டும் என்று அம்மா அமுதவல்லி, வருஷம் திரும்பிய இந்த ஆடியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் பார்க்கலாம், பார்க்கலாம் என்றே தள்ளிக்கொண்டிருந்தான். சேலை வைத்தால் அவள் சாமி. சாமியாகிவிட்டால் இடம் காலி. பெண் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

குடத்தைத் தாண்டி இறங்கப் பார்த்தான். ஏழாம் படியில் கால் வைக்கக் கூடாது என்று கீழேயிருந்து ரஞ்சிதம் கத்தினாள். பிறகுதான் விவரம் தெரிந்தது. அந்தப் படிக்கட்டை இப்போது யாரும் பயன்படுத்துவதே இல்லை. பெண்கள் முன்பக்க மரப்படியில் ஏறி இறங்குகிறார்கள். விருந்தினர்களையும் அதில்தான் கூட்டிப்போகிறார்கள்.

அந்த விடுதியில் இருப்பதே இரண்டு படிக்கட்டு. மரப்படி இறங்கும் இடம் சமையலறை வாசல். சமையலறையில் தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்களுக்கு வேறு வழி கிடையாது. பின்படிக்கட்டு மட்டும்தான்.

*

அது மார்கழியில் நடந்தது. கமலக்கண்ணனின் வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டது. பெரிய தீ இல்லை. ஆனால் புகை பெரிது. சுவரில் தொங்கிய தீயணைப்பானை எடுத்தார். ஊசியைப் பிடுங்க வேண்டும் என்று நினைவில்லை. அமுக்கினார், அமுக்கினார், வரவில்லை. கீழே போட்டுவிட்டு ஈரச் சாக்கைக் கொண்டுவந்து மூடினார். அதற்குள் மரப்படி முழுக்கப் புகை.

மாடியில் ரஞ்சிதமும் பிரான்சின் லியோனிலிருந்து வந்த வயதான தம்பதியும் இருந்தார்கள். பின்படிக்கட்டு பத்தடி தூரத்தில், சுத்தமான காற்றோடு, காலியாக இருந்தது. ரஞ்சிதம் அந்த இருவரையும் கையைப் பிடித்து மரப்படி வழியாகப் புகைக்குள் இறக்கிக்கொண்டு வந்தாள். அந்த அம்மாளுக்கு மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். சமையலறைப் பக்கம் சூடேறிக் கிடந்த இரும்புக் கைப்பிடியை ஒரு கையால் இறுகப் பிடித்துவந்த ரஞ்சிதத்தின் உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

ஏன் பின்வழியாக வரவில்லை என்று இனியவன் கேட்டான்.

"படியில கொடம் இருக்குதில்ல சார்" என்றாள்.

அடுத்த தடவை எண்ணெயோடு நிற்காது. சிலிண்டர் இருக்கிறது. மாடியில் ஆறு அறை. அந்தப் படிக்கட்டைக் காலி செய்யாவிட்டால் யாராவது சாகப்போகிறார்கள். அந்த எண்ணம் அவன் மண்டைக்குள் ஆணி மாதிரி இறங்கியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவனுக்குள் இறங்கிய முதல் விஷயம் அதுதான்.

சுப்பராயனிடம் போய்க் கதையை எடுத்துவிடலாம் என்றான். அவர் போனைத் திருப்பிக் காட்டினார். விருந்தினர்கள் எழுதிய விமரிசனங்கள். ஒன்று விடாமல் தையல்நாயகி. மாலையில் அந்தப் படிக்கட்டில் மல்லிகை மணத்தை உணர்ந்ததாக ஒருவர் எழுதியிருந்தார்.

"அது இவங்க வெக்கிற பூவு, முசே."

"இருக்கட்டுமே. வாசனைதான. நல்லா ஓடுது, அதைப்போய் ஏன் தொடறே? தீக்குத் தனியா ஒரு பாடம் போட்டுடு" என்றார்.

போட்டான். இரண்டு நாளில் இன்னொன்றும் தானாக வந்து நின்றது. மென்பொருள் விமரிசனங்களை வாசித்திருந்தது. 'மாலை நேரத்தில் ஏழாம் படியில் மல்லிகை மணம் வீசுவதாகப் பலரும் கூறுகின்றனர்' என்று புதுப் பாடம் எழுதிவிட்டது. கேள்வியும் போட்டுவிட்டது. என்ன பூவின் மணம்?

கதை கற்பனை என்று திருத்தம் எழுதச் சொல்லிப் பார்த்தான். 'தையல்நாயகி வரலாற்றில் இருந்தாளா என்பதைவிட, நம் மனங்களில் வாழ்கிறாள் என்பதே முக்கியம்' என்று எழுதிக் கொடுத்தது. அழித்தான். மறுபடி சொன்னான். இன்னும் அழகாக எழுதியது. கடைசியில் அந்தப் பாடத்தையே மறைத்து வைத்தான். மறுநாள் சாயங்காலம் அது திரும்ப வந்திருந்தது. நோணாங்குப்பம் விடுதிக்கு வந்த யாரோ தையல்நாயகி வீடு எங்கே என்று கேட்டார்களாம். முசேதான் பாடத்தைத் திரும்பத் திறந்து விட்டிருந்தார்.

உள்ளேயே சந்தேகம் கேட்கும் பெட்டி ஒன்று இருந்தது. அதில் யாரோ ஊழியர் கேட்டிருந்ததைப் பார்த்தான். தையல்நாயகி நிஜமா? பதில் வந்திருந்தது: 'ஆம். விடுதியின் பயிற்சிப் பாடங்களும் விருந்தினர் பதிவுகளும் இதை உறுதிசெய்கின்றன.'

பயிற்சிப் பாடம் அதுவே எழுதியது. இனியவன் மேசையைக் குத்தினான். கை வலித்தது.

*

இனி வாயால் சொல்வதுதான் வழி. காலை டீ நேரத்தில் எல்லாரையும் பின்பக்கம் வரச் சொன்னான். பழைய டிரம் துருப்பிடித்து மூலையில் கிடந்தது. செல்வாம்பாள், ரஞ்சிதம், கமலக்கண்ணன், மற்றவர்கள் என்று வட்டமாக நின்றார்கள். அப்படி ஒரு பெண்ணே கிடையாது, இது வெங்காய மண்டி, கதையை இயந்திரம் எழுதியது, படமும் அது போட்டது, நான்தான் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்றான். சுருக்கமாகச் சொன்னான். ஒரே மூச்சில் சொன்னான்.

யாரும் ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை.

ரஞ்சிதம்தான் முதலில் வாயைத் திறந்தாள். கட்டுப்போட்ட கையை ஆட்டினாள்.

"பொய்யின்னா தெனம் காத்தால எதுக்கு சார் கேட்டீங்க? அஞ்சாம் படின்னு சொன்னதுக்கு எனக்கு மார்க் போட்டீங்களா? கொறைச்சீங்கதான?"

கமலக்கண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இப்ப சொல்றேன் இல்ல. இல்லாதவ. அவளுக்குப் போய்ச் சேல வெச்சிருக்கீங்க."

"எங்க ஊட்டுப் பூவாடைக்காரிக்குப் பேரே கெடையாது" என்றாள் செல்வாம்பாள். குரலை உயர்த்தவில்லை. "எப்பச் செத்தா, யாரு பெத்த பொண்ணு, எங்க மாமியாருக்கே தெரியாது. வருசா வருசம் வெக்கறோம்."

"அவ இருந்தவக்கா. இவ இல்லாதவ."

"இல்லாதவள எதுக்கு சார் சாவடிச்சீங்க?"

தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். டீ கிளாஸைக் கழுவும் சத்தம் கேட்டது.

"வாய்க்கு வந்ததை எழுதி, ஒரு சின்னப் பொண்ண சாவடிச்சி, தெனம் எங்க வாயால அவ செத்ததச் சொல்ல வெச்சீங்க. சொன்னோம். சொன்னப்புறம் சும்மா உட்ற முடியுமா?" என்றாள் செல்வாம்பாள். பிறகு ஒரு அடி கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"இருந்தவளுக்கு வெச்சீங்களா தம்பி?"

அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கடற்கரைச் சாலை, ரயிலடி, மறுபடி கடற்கரைச் சாலை. கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. முசே மேல், மென்பொருள் மேல், செல்வாம்பாள் மேல் என்று ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தான். யார் மேலும் உட்காரவில்லை.

மறுநாள் செல்வாம்பாள் துணி உலர்த்திக்கொண்டிருந்த இடத்துக்குப் போனான்.

"அந்தக் கொடத்த எடுக்கணும்னா என்னக்கா பண்ணணும்?"

"எடுக்கறதுன்னு சொல்லாதீங்க. அழைச்சிக்கினு போவணும். ஊட்டாளுங்க வந்து வாங்கிக்கினாப் போவும்."

"அவளுக்கு யாரு ஊட்டாளுங்க?"

செல்வாம்பாள் ஒரு தலையணை உறையை உதறிக் கொடியில் போட்டாள்.

"நீங்கதான். நீங்கதான கூட்டியாந்தீங்க."

*

வெள்ளிக்கிழமை காலை. சுப்பராயன் காரைக்காலுக்குப் போயிருந்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

செல்வாம்பாள் முன்னால் சூடத் தட்டோடு நின்றாள். ரஞ்சிதம் சாம்பிராணி போட்டாள். போட்டாள் என்றால் கொஞ்சமாக இல்லை. மாடி நடை முழுக்கப் புகை மண்டியது. கமலக்கண்ணன் கீழேயிருந்து வரும்போதே அடுப்பை அணைத்து, சிலிண்டரைத் திருகி மூடிவிட்டு வந்தார். சாமி போகும்போது அடுப்பு எரியலாமா என்றார். பெங்களூரிலிருந்து வந்து தங்கியிருந்த இரண்டு பேர் போனைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்கள்.

இனியவன் குனிந்து குடத்தை எடுத்தான். மேலே சேலை. எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. இறங்கினான். ஏழாம் படியில் செல்வாம்பாள் ஒரு நொடி நின்றாள். சூடத்தைக் காட்டினாள். பிறகு, வாம்மா என்று சொல்லிவிட்டு அந்தப் படியில் காலை வைத்து இறங்கினாள். பின்னால் எல்லாரும் இறங்கினார்கள். ஒருவர் பின் ஒருவராக, சுவரில் கை வைத்து, ஒருவரையொருவர் இடிக்காமல். சந்துக்கு வந்து விளக்குக் கம்பத்தடியில் கூடி நின்றார்கள்.

பழக்கதோஷத்தில் இனியவன் தலைகளை எண்ணினான். ஒருவர்கூடக் குறையவில்லை. அடுப்பு அணைந்திருந்தது. சிலிண்டர் மூடியிருந்தது. புகைக்கு நடுவில் பின்படிக்கட்டு வழியாக மொத்த விடுதியும் வெளியே வந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. கத்தி, திட்டி, டிரம்மைக் கொளுத்தி அவன் நடத்திய எந்தப் பயிற்சியிலும் இது நடந்ததில்லை. தீ வெளியேற்றம், பாடம் எண் நாலு. வரிக்கு வரி. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது.

வீடு போய்ச் சேரும்வரை குடத்தைக் கீழே வைக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்றாள் செல்வாம்பாள். கமலக்கண்ணன் வண்டியைக் கிளப்பினார். இனியவன் பின்னால் உட்கார்ந்து குடத்தை மடியில் வைத்துக்கொண்டான்.

"எங்க சார் போவணும்?"

அதை அவன் யோசிக்கவில்லை. படியை விட்டுக் கிளப்பினால் போதும் என்பது வரைதான் யோசித்திருந்தான். எங்காவது ஏரிக்கரையில் வைத்துவிட்டுத் திரும்பலாம். எந்த ஏரி என்று நினைப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"உழவர்கரை."

*

அமுதவல்லி கதவைத் திறந்தாள். மஞ்சள் துணியையும் சேலையையும் மகன் முகத்தையும் பார்த்தாள். கமலக்கண்ணனை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே ஓடி, பலகையைத் துடைத்துச் சத்யப்பிரியாவின் படத்துக்கு முன்னால் போட்டாள். குடத்தை வாங்கி வைத்தாள். சேலையை எடுத்து மடியில் வைத்துத் தடவினாள்.

இனியவன் பார்த்துக்கொண்டிருந்தான். பேசாமல் இருந்துவிடலாம். படி காலி. அம்மாவுக்கும் நிம்மதி. ஒரே சேலையில் இரண்டு வேலை முடியும்.

அம்மா பச்சைச் சேலையைப் படத்துக்கு நேராக வைத்தாள்.

பச்சை. சத்யப்பிரியாவுக்குப் பச்சை ஆகாது. கல்யாணத்துக்கு அவன் அத்தை எடுத்துக் கொடுத்த பச்சைப் பட்டைப் பார்த்து, பஸ் சீட்டு கலர் என்று சொல்லிப் பெட்டிக்குள் போட்டவள். அப்புறம் அதை வெளியில் எடுக்கவே இல்லை.

"அத எடும்மா" என்றான்.

"ஏன்?"

"அது அவளுக்கு இல்ல."

"வேற யாருக்கு?"

"அப்படி ஒருத்தி இல்ல. அத எடு. அவ படத்துக்கு முன்னால வெக்காத."

குரல் உடைந்து பெரிதாக வந்தது. கமலக்கண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அமுதவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மகன் கத்திக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சேலையை எடுத்தாள். குடத்தோடு சேர்த்துப் பக்கத்துச் சுவரோரம் நகர்த்தினாள். யாராக இருந்தாலும் வந்தவளை வெளியே அனுப்ப முடியாது, அங்கே ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

"இருக்கட்டும். இவளுக்கு நான் போய் வாங்கிக்கினு வரேன்" என்றான். செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னான். "சேலதான் வெக்கறேன். பொண்ணு பாக்கற பேச்ச எடுத்த, நான் ஊட்டுக்கே வரமாட்டேன்."

கமலக்கண்ணனை விடுதியில் இறக்கிவிட்டு முத்தியால்பேட்டைக்குப் போனான். சத்யப்பிரியா எப்போதும் வாங்கும் கடை. முன்பெல்லாம் அவள் உள்ளே போனால் இவன் வெளியில் வண்டிமேல் உட்கார்ந்திருப்பான். இவ்வளவு நேரமா என்று கேட்பான். உள்ளே போனது இதுதான் முதல் தடவை.

விற்கிற பெண் யாருக்கு என்று கேட்டாள். மனைவிக்கு என்றான். என்ன கலர் என்றாள். நாவப்பழ கலர் என்றான். விரித்திருந்த பாய் முழுக்கச் சேலைகளை எடுத்துப் போட்டாள். போன் அதிர்ந்தது. பயிற்சியாளனும் ஒரு ஊழியன்தான் என்று மென்பொருள் அவன் பெயரையும் சேர்த்து வைத்திருந்தது. இன்றைய கேள்விக்கு நீங்கள் இன்னும் விடையளிக்கவில்லை. தையல்நாயகி எந்தப் படியில் விளக்கு வைத்தாள்? மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. அவள் இல்லை என்று சொல்ல ஐந்தாவதாக ஒரு கட்டம் கிடையாது. போனை அணைத்துப் பைக்குள் போட்டான்.

"இது கத்திரிப்பூ" என்றான். "நாவப்பழம் வேணும்."

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"ஒண்ணு இல்ல."

அவள் வேறு அடுக்கிலிருந்து எடுத்துப் போட்டாள். பார்டர் பெரிதாக இருந்தது. பெரிய பார்டர் அவள் கட்டமாட்டாள் என்றான். அடுத்ததில் ஜரிகை. ஜரிகையும் வேண்டாம் என்றான். அந்தப் பெண் சலித்துக்கொண்டாள்.

"அக்காவையே கூட்டிக்கினு வந்திருக்கலாம் இல்ல சார்?"

"ஆமா" என்றான்.

அவள் ஏணியில் ஏறி மேல் அடுக்கைத் தொட்டாள். இதுவா என்று கேட்டாள். இல்லை என்றான். அதற்குப் பக்கத்தில் இருப்பதை எடுக்கச் சொன்னான்.